உள்நாற்காலி

"டீச்சர், எட்டு வருஷமா அந்த மெட்டுல பாதிதான் வாசிக்கிறேன்" என்றாள் தெக்லா.

பியூலா வில்லின் முடியில் ரோசின் பிசின் கட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"எந்தப் பாதி?"

"முன்பாதி."

"பின்பாதிக்கு என்ன ஆச்சு?"

"பின்பாதி வர்றப்ப நான் தாள் புரட்டிட்டு இருக்கேன்."

"ஆமா" என்றாள் பியூலா. "நல்லாப் புரட்டுறீங்க, அக்கா."



தெக்லாவுக்கு முப்பத்தாறு வயது. பியூலாவுக்கு முப்பது. மூத்தவள் இளையவளை டீச்சர் என்பாள். இளையவள் மூத்தவளை அக்கா என்பாள். மாதா கோயிலில் வயலின் வாசித்துக்கொண்டிருந்த தெக்லாவின் கையில் வயோலாவைக் கொடுத்துப் பழக்கியவள் பியூலாதான்.

வயோலா பார்க்க வயலின் மாதிரியே இருக்கும். கொஞ்சம் பெரிது. குரல் கொஞ்சம் தடிப்பு.

அந்த நகரத்து சிம்பொனிக் குழுவில் அறுபது பேர். அதில் வயோலா பத்துப் பேர். மெட்டு வயலினுக்குப் போகும், புல்லாங்குழலுக்குப் போகும், செல்லோவுக்கும் போகும். வயோலாவுக்கு வராது. அது நடுவில் நிரப்பிக்கொண்டிருக்க வேண்டும்.

"நாம சோறு" என்பார் பின்வரிசை நெல்சன். "சாப்பிட்டு எழுந்தவன் குழம்பு நல்லா இருந்துச்சுன்னுதான் சொல்லுவான். சோறு நல்லா இருந்துச்சுன்னு எவன் சொல்றான்?"

வருஷத்தில் ஒரு நாள் மட்டும் மெட்டு வரும். மே மாதம் கடற்கரை மைதானத்தில் குழு வாசிக்கும். ஜனங்கள் புல்லில் பாய் விரித்து உட்காருவார்கள். கடைசி உருப்படியில், மற்ற வாத்தியமெல்லாம் அடங்கிய பிறகு, மெட்டு வயோலாவிடம் வரும்.

எட்டு மூச்சு நேரம் இருக்கும். அவ்வளவுதான்.

குழுவில் இரண்டு பேருக்கு ஒரு புத்தகம், ஒரு தாங்கி. ஜனங்கள் பக்கம் இருப்பது வெளிநாற்காலி. மற்றது உள்நாற்காலி. தாள் முடியும் இடத்தில் உள்நாற்காலிக்காரர் வாசிப்பதை விட்டுவிட்டுப் புரட்ட வேண்டும். வெளிநாற்காலிக்காரர் நிறுத்தாமல் வாசிப்பார். எல்லா ஊரிலும் இதுதான் வழக்கம். வயோலாவின் முதல் தாங்கியில் பியூலா வெளியில், தெக்லா உள்ளே.

அந்த மெட்டின் நட்டநடுவில் தாள் முடிந்தது.

அச்சடித்தவர் வயோலா வாசிக்கிறவராக இருந்திருக்க மாட்டார்.

புரட்டி, காற்றுக்குப் பறக்காமல் துணிக் கிளிப்பை மாட்டி, வில்லைத் தந்தியில் வைக்கும்போது கடைசி ஸ்வரம் மட்டும் மிச்சம் இருக்கும். எட்டு வருஷமாகத் தெக்லாவுக்குக் கிடைத்த பின்பாதி அந்த ஒரு ஸ்வரம்தான்.

வயோலாவின் ஐந்து உள்நாற்காலிக்கும் இதே கதிதான். நெல்சனுக்கு அதில் குறை இல்லை.

"அந்த நேரத்துலதான் நான் மூக்கு சொறிஞ்சுக்கிறது" என்பார்.

*

தெக்லா வீட்டுக்குப் போய்க் குக்கரை ஏற்றினாள்.

மூன்று விசில் வரைக்கும் நேரம் அவளுடையது. வயோலாவை எடுத்தாள். முன்பாதியை அவள் வீட்டில் வாசிப்பதே இல்லை. பின்பாதி மட்டும்தான். அதனால் அவள் மகள் ஜோவிட்டாவுக்கு அந்த மெட்டு பின்பாதியில்தான் தொடங்கும். ஐந்து வயதுப் பிள்ளை, பல் தேய்க்கும்போதும் அதையே முனகும்.

"அம்மா, இதைத்தான் பீச்சுல வாசிப்பியா?"

"ம்."

"எல்லார் முன்னாடியுமா?"

"ம். பல்லை ஒழுங்காத் தேய்."

*

மறுநாள் ஒத்திகைக்குத் தெக்லா ஒரு நகல் தாள் கொண்டுவந்தாள். பின்பாதி உள்ள பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்திருந்தாள்.

"டீச்சர், இதைப் பக்கத்துல செருகிட்டா அந்த இடத்துல புரட்டவே வேண்டாம்."

பியூலா அதை வாங்கிப் பார்த்தாள். புத்தகத்தின் ஓரத்தில் செருகினாள். எழுந்துபோய் மின்விசிறியைப் போட்டாள்.

தாள் எழுந்தது. மூன்று வரிசை தாண்டிப் போய் டிராம்போன்காரரின் மடியில் விழுந்தது. அவர் பார்க்காமலே அதில் டீ டம்ளரை வைத்தார்.

"இது ஃபேன்" என்றாள் பியூலா. "அங்க கடல்."

நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு தனித்தாள் பறந்துபோய்ச் சோளம் சுடுகிற வண்டியின் கரியில் விழுந்தது. அன்றைக்கு டிரம்பெட் இல்லாமலே உருப்படி முடிந்தது. அதிலிருந்து தனித்தாள் கூடாது என்று குழுவில் சட்டம்.

தெக்லா கிளிப்புகளை எண்ணிப் பையில் போட்டாள்.

*

கச்சேரிக்கு முதல் நாள் அவள் மறுபடியும் வந்து நின்றாள்.

"டீச்சர்."

"சொல்லுங்கக்கா."

"அவருக்கு ஓசூருக்கு மாத்தல் ஆயிடுச்சு. ஜூன்ல போறோம்."

தந்தியைத் துடைத்துக்கொண்டிருந்த பியூலாவின் கை நின்றது.

"அங்க சிம்பொனி உண்டா?"

"அங்க வயோலான்னா ஜலதோஷ மருந்தான்னு கேப்பாங்க."

பியூலா சிரிக்கவில்லை.

"அப்ப நாளைக்குத்தான் கடைசி" என்றாள்.

"ஆமா டீச்சர்."

"வீட்ல வாசிக்கிறீங்களே. அது போதாதா?"

தெக்லா தரையைப் பார்த்தாள். வார்த்தை ஒவ்வொன்றாகத்தான் வந்தது.

"வீட்ல தனியா இருக்கு, டீச்சர். அது கூட வாசிக்கிற மெட்டு. எல்லாரும் போற வழியில நான் மட்டும் பாதியில இறங்கிடறேன். எட்டு வருஷமா. ஒரே ஒரு தடவை கடைசி வரைக்கும் கூடப் போகணும்."

பியூலா வயோலாவைப் பெட்டியில் வைத்து மூடினாள்.

பிறகு கேட்டாள்: "நாளைக்கு எத்தனை கிளிப் கொண்டுவர்றீங்க?"

"ஆறு" என்றாள் தெக்லா.

"எட்டாக் கொண்டுவாங்க. காத்து ஜாஸ்தி."

*

மறுநாள் சாயங்காலம் மைதானம் நிறைந்திருந்தது. வெயில் இன்னும் முழுதாக இறங்கவில்லை. தெக்லாவின் வீட்டுக்காரர் ஜோவிட்டாவைத் தோளில் வைத்துக்கொண்டு வேலி ஓரம் நின்றார். பிள்ளை இரண்டு கையையும் ஆட்டியது.

தெக்லா மேடை ஏறித் தன் இடத்துக்குப் போனாள்.

அவளுடைய நாற்காலியில் பியூலா உட்கார்ந்திருந்தாள்.

"டீச்சர், இது உள்நாற்காலி."

"தெரியும்."

"நீங்க தலைவாத்தியம். நீங்க வெளியில இருக்கணும்."

"கால் வலிக்குது. எந்திரிக்க மாட்டேன். நின்னுட்டே வாசிக்கிறதா உத்தேசமா?"

தெக்லா வெளிநாற்காலியில் உட்கார்ந்தாள். நுனியில்தான் உட்கார்ந்தாள்.

குழுவை நடத்தும் சற்குணம் மேடைக்கு வந்தவர், பாதி நடையில் நின்றார்.

"என்ன பியூலா, வயோலாவுல ஆட்சி மாறிடுச்சா?"

"இடைத்தேர்தல், சார்."

அவர் தலையில் அடித்துக்கொண்டு மேலே போனார். பின்னால் நெல்சன் இருமுகிற மாதிரிச் சிரித்தார்.

பியூலா தெக்லாவின் பக்கம் சாய்ந்தாள்.

"நான் எப்பப் புரட்டணும்? தலையாட்டுவீங்களா?"

"நீங்க எனக்குத் தலையாட்டினதே இல்லையே, டீச்சர்."

"இல்லையா? அப்புறம் எப்படிக் கரெக்டாப் புரட்டுவீங்க?"

"நீங்க மூச்சு இழுப்பீங்க. அப்பப் புரட்டுவேன்."

"நானா?"

"அந்த ஒரு இடத்துல மட்டும். பின்பாதிக்கு முன்னாடி."

பியூலா தாளின் ஓரத்தை விரலால் நீவினாள்.

"எனக்கே தெரியாது" என்றாள். "சரி. உங்க மூச்சைக் கேட்டுப் புரட்டுறேன். நீங்க வாசிங்க. வேற எதையும் பாக்காதீங்க."

*

கடைசி உருப்படி வந்தது.

வயலின் அடங்கியது. குழல் அடங்கியது. காற்று மட்டும் கிளிப்புகளைத் தட்டிக்கொண்டிருந்தது.

சற்குணத்தின் கை வயோலாவின் பக்கம் திரும்பியது.

பத்து வில் ஒன்றாக இறங்கின. முன்பாதி. தெக்லாவுக்குப் பழகிய பாதை. அவள் வில் கூட்டத்தோடு போனது. தாளின் கடைசி வரி வந்தது. இதோ. வாழ்க்கையில் முதல் தடவையாக அந்தத் திருப்பத்தில் அவள் இறங்கப்போவதில்லை.

அவள் மூச்சை இழுத்தாள்.

அந்த மூச்சுச் சத்தம் அவள் காதில் விழுந்தது.

எட்டு வருஷப் பழக்கம். மூச்சு கேட்டதும் அவள் இடது கை பாய்ந்து தாளைப் பிடித்தது.

அங்கே ஏற்கெனவே பியூலாவின் கை இருந்தது.

ஒரு தாள். இரண்டு கை. அந்தத் தாங்கியில் யாரும் வாசிக்கவில்லை.

தெக்லா உறைந்துபோனாள். பியூலா அவள் விரல்களை மெதுவாக விலக்கினாள். தாளைப் புரட்டினாள். கிளிப்பை மாட்டினாள்.

தெக்லாவின் கைக்கு வேலை இல்லை. வில்லைத் தூக்கவும் இனி நேரம் இல்லை. அவள் சும்மா இருந்தாள்.

அப்போதுதான் அது கேட்டது.

பின்னால் நாலு வெளிநாற்காலிகள் வாசித்துக்கொண்டிருந்தன. எட்டு வருஷமாக அந்த இடத்தில் அவள் கேட்டதெல்லாம் தாளின் சரசரப்பும் கிளிப்பின் சொடக்கும்தான். இது அப்படி இல்லை. அவள் வீட்டில் வாசித்த மாதிரியும் இல்லை. அதைவிட நிதானம். ஒரு வில் கொஞ்சம் கரகரத்தது. ஒன்று மேலே ஏறும்போது லேசாகப் பின்தங்கியது, மற்ற மூன்றும் அதற்காக நின்று, கூட்டிக்கொண்டு போயின.

கடைசி ஸ்வரம் வந்தது. தெக்லாவின் வில் தானாகப் போய் அதில் சேர்ந்துகொண்டது.

மெட்டு செல்லோவுக்குப் போய்விட்டது.

*

கைதட்டல் முடிந்தது. ஜனங்கள் பாய்களை உதறிச் சுருட்டினார்கள். வேலி ஓரத்திலிருந்து தெக்லாவின் வீட்டுக்காரர் ஜாடை காட்டினார். பிள்ளைக்குச் சோளம் வாங்கிக் கொடுத்துவிட்டு வருகிறாராம்.

மேடையில் மற்றவர்கள் இறங்கிப் போனார்கள். நெல்சன் போகிறபோக்கில் நின்றார்.

"இடைத்தேர்தல்ல டெபாசிட் போச்சு போல" என்றார். தெக்லாவின் முகத்தைப் பார்த்ததும், "விடும்மா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

தெக்லா எழுந்திருக்கவில்லை.

"டீச்சர், கை போயிடுச்சு."

"பார்த்தேன்."

"நீங்க விட்டுக்கொடுத்த பாதியையும் கெடுத்துட்டேன்."

"ஆமா."

"இனிமே இல்லை."

பியூலா தாங்கியிலிருந்து புத்தகத்தை எடுத்தாள். கிளிப்புகளைக் கழற்றினாள். புத்தகத்தை மூடித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். இப்போது புரட்ட ஒன்றும் இல்லை.

"வாசிங்க" என்றாள்.

"யாரு இருக்கா கேக்க?"

"வாசிங்கக்கா. முதல்லேர்ந்து."

மைதானத்தில் ஆட்கள் வாடகை நாற்காலிகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தார்கள்.

தெக்லா வயோலாவைத் தோளில் வைத்தாள். கண்ணை மூடிக்கொண்டாள். வில் இறங்கியது.

முன்பாதி வந்தது. ஒற்றைக் குரல். காற்றில் மெலிந்து கேட்டது, ஆனால் அசையவில்லை. தாள் முடிகிற இடம் வந்தது.

அவள் மூச்சை இழுத்தாள்.

கை எங்கேயும் போகவில்லை. இடது கை வயோலாவின் கழுத்திலேயே இருந்தது.

வில் மட்டும் தந்தியை விட்டு மேலே எழுந்தது.

பியூலா காத்திருந்தாள்.

ஓர் அலை வந்து உடைந்தது. எங்கேயோ ஒரு நாற்காலி விழுந்தது. தெக்லா கண்ணைத் திறக்கவில்லை. அவள் தலை லேசாக அசைந்தது. ஓர் இடத்தில் சற்றே தாமதித்தது. பின்தங்கிய யாரோ வந்து சேருவதற்காக நிற்கிற மாதிரி. பிறகு மறுபடி அசைந்து போனது.

வில் இறங்கியது. கடைசி ஸ்வரம் வந்து விழுந்தது. ஒரு இம்மி முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை.

அவள் அதை மெல்லத் தேயவிட்டாள்.

"நடுவுல ஏன்க்கா நிறுத்திட்டீங்க?" என்று கேட்டாள் பியூலா.

தெக்லா கண்ணைத் திறந்து அவளை ஆச்சரியமாகப் பார்த்தாள்.

"நிறுத்தலையே, டீச்சர்."