இடைக்கரையில் எழுதிய வரிகள்

இடைக்கரை பெரிய நாடுமில்லை, சின்ன நாடுமில்லை. வடக்கே ஒரு பேரரசு, தெற்கே ஒரு பேரரசு, நடுக்கடலெங்கும் குட்டித் தீவுகள். புயலடித்தாலும் வடகரை தன் துறைமுகத்தைத் தென்கரைக் கப்பலுக்குத் திறக்காது. தென்கரையும் அப்படித்தான். போன மழைக்காலத்தில் மட்டும் நானூறு மாலுமிகள் கரையைப் பார்த்தபடியே மூழ்கிப்போனார்கள்.

அதற்கு ஒரு முடிவு கட்ட இடைக்கரை மாநாடு கூட்டியது. எல்லோரும் வந்துவிட்டார்கள்! அமைச்சர் எயினனாருக்குக் கால் தரையில் பாவவில்லை. மூன்று மாதம் உழைத்துப் பன்னிரண்டு வரிகளில் ஒப்பந்தத்தை அவரே எழுதி, ‘இடைக்கரை நெறி’ என்று பெயரும் சூட்டி வைத்திருந்தார்.

அவருடைய குரு நன்முல்லை அவரைவிடப் பத்து வயது இளையவர். ஓலையைப் படித்துவிட்டு, “அழகாக இருக்கிறது,” என்றார். பிறகு சபைக்குப் போய், இடைக்கரை ஊர்ச்சபைகளில் உள்ள வழக்கத்தை அறிவித்தார்.

“எந்த வரியையும் யாரும் அடிக்கலாம். அடித்தவர், எல்லோரும் ஒப்புகிற வேறு வரியை அங்கே எழுதிவிட்டுத்தான் எழுந்திருக்க வேண்டும்.”

வடகரைப் பேரரசர் முதல் வரியை ஒரே கோட்டில் அடித்தார். அதன் பிறகுதான் வழக்கம் உறைத்தது. முனகிக்கொண்டே எழுத உட்கார்ந்தார். அவர் எழுதியதில் பாதியைத் தென்கரை அரசி அடித்தார், அவரும் மாட்டிக்கொண்டார். அதைப் பார்த்துத் தீவுக்காரர்களுக்கும் துணிச்சல் வந்து, எழுத்தாணியைக் கேட்டு வாங்கினார்கள்.

மூன்றாம் நாள் அத்தனை பேரும் முத்திரை வைத்தார்கள். புயல் நேரத்தில் எந்தத் துறைமுகத்தையும் எந்தக் கப்பலுக்கும் மூடக்கூடாது.

எயினனார் ஓலையைப் புரட்டினார். அவருடைய வரி ஒன்றுகூட மிஞ்சவில்லை. தலைப்பும் போயிருந்தது. அவருக்கு மனசே விட்டுப்போயிற்று.

“நம் நாட்டின் பெயரை யார் அடித்தது, குருவே?”

“நான்தான்.”

“அடித்தவர் எழுத வேண்டுமே. என்ன எழுதினீர்கள்?”

“‘நம் கடல்’ என்று.”

எயினனார் ஓலையை அவரிடம் நீட்டினார். “பேரரசுகளிடம் படை இருக்கிறது. தீவுகளிடம் சபையில் தலை எண்ணிக்கை இருக்கிறது. நம்மிடம் என்னதான் இருக்கிறது?”

நன்முல்லை ஓலையில் முதல் வரியைத் தொட்டுக் காட்டினார். அதில் இரண்டு கையெழுத்துகள் இருந்தன. குருவின் முகத்தில் பெருமை பொங்கியது.

“இதைத் தொடங்கியது வடகரைப் பேரரசர். முடித்தது தென்கரை அரசி. வேறு யார் கூப்பிட்டிருந்தால் இவர்கள் இருவரும் வந்திருப்பார்கள், அமைச்சரே?”