தமுக்கு ஓயாத இரவு

முன்னொரு காலத்தில், பெயர் சொன்னால் இன்றைக்கும் சிலருக்குக் கோபம் வரக்கூடிய ஒரு நாட்டில், பூதவர்மன் என்று ஓர் அரசன் இருந்தான். பகைவருக்கு அஞ்சாதவன். ஆனால் ஒருநாள் விடியற்காலையில் அவன் ஒரு கனவு கண்டான். மீசை அரும்பிய பையன் ஒருவன் படுக்கையறைக்குள் வந்தான். தலைமாட்டிலிருந்த மகுடத்தை எடுத்துத் தன் தலையில் வைத்துப் பார்த்தான். சிரித்துக்கொண்டே போய்விட்டான். அவ்வளவுதான் கனவு. வியர்த்து விறுவிறுத்து எழுந்த அரசனுக்கு, அன்றிலிருந்து இளவட்டங்களைக் கண்டாலே பயம் வந்தது.

நகரத்தில் அப்போது சுவரில் கன்னம் வைத்துத் திருடுவது மிகுந்திருந்தது. அதையே சாக்காக வைத்து அரசன் ஆணை பிறப்பித்தான். இரவில் நான்கு வீதியும் சுற்றித் தமுக்கு அடிக்கப்படும். தமுக்கு ஓய்ந்தபின் விடியும்வரை, இருபது வயது நிரம்பாத எவரும் தெருவில் கால் வைக்கக் கூடாது. வைத்தால் அந்தக் கால் உடம்பில் இராது.

ஊர் நடுங்கிப்போனது. பிள்ளை பெற்றவர்கள் பொழுது சாயும்போதே கதவைத் தாழிட்டார்கள். நடுச்சாமத்தில் குழந்தைக்கு இழுப்பு வந்தாலும் வைத்தியரை அழைத்துவர மூத்தவனை அனுப்பப் பயந்தார்கள். திருட்டு மட்டும் குறையவில்லை. முன்னைவிடக் கூடிவிட்டது. அதை அரசனிடம் சொல்லத்தான் ஆளில்லை.

சபையில் வேம்பையன் என்ற விகடன் இருந்தான். அவன் மட்டும் வாயைத் திறந்தான். "அரசே, காய்ச்சல் ஒருவனுக்கு இருக்க, கஷாயத்தை ஊரிலுள்ள பிள்ளைகளுக்கெல்லாம் புகட்டுகிறோமே" என்றான்.

அரசனின் உதடு லேசாகச் சிரித்தது. அது போதும், நகரக் காவலுக்குத் தலைவரான தளவாய் கோட்டைராயருக்கு வயிறெரிய. அரசனை இந்த விகடன் சிரிக்கவைப்பது அவருக்கு எப்போதுமே ஆகாது. அன்று மாலையே, தமுக்கு அடித்துவந்த முதியவரை நிறுத்திவிட்டு, அந்த வேலையில் சடையன் என்பவனை அமர்த்தினார். சடையன் வேம்பையனின் அக்காள் மகன். வயது பதினெட்டு. தமுக்கு ஓய வேண்டிய இடம் தெற்கு வாசல். அவன் வீடோ வடக்குக் கோடியில். தமுக்கை ஓயவிட்டு வீடு போய்ச் சேரும்வரை அவன் கால் தெருவில்தானே இருக்கும்? அரச பணியை மறுத்தால் அதற்கும் தண்டனை உண்டு.

அக்காள் ஓடிவந்தாள். "தம்பி, நீ பேசின பேச்சுக்கு எம்புள்ள காலையா கேக்குறாங்க?" என்றாள்.

இரவு வந்தது. மருமகனோடு வேம்பையனும் நடந்தான். தெற்கு வாசலில் ஈட்டிக்காரர்கள் காத்திருந்தார்கள். ஒருவன் கையில் கோடரி இருந்தது.

"மாமா, சுத்தி முடிச்சாச்சு. நிறுத்திட்டு ஓடிடட்டுமா?" என்றான் சடையன்.

"ஓடாதே. அடிக்கிறதை நிறுத்தாதே."

"எம்புட்டு நேரம் மாமா?"

"அடிச்சுக்கிட்டே இருடா."

தளவாய் முன்னால் வந்தார். "ஏன் இன்னும் அடிக்கிறான்?"

"தமுக்கு ஓய்ந்தபின் என்பதுதானே அரசர் ஆணை, தளவாய் அவர்களே? இன்னும் ஓயவில்லையே" என்றான் வேம்பையன்.

தளவாயின் முகம் கறுத்தது. பிறகு மெல்லச் சிரித்தார். "நல்லது, அடிக்கட்டும். வடக்கு வீதியை மறியுங்கள். அரசுத் தமுக்கை வேறு கை தொட்டால் அந்தக் கையும் போகும். இவன் கை என்ன இரும்பா? எவ்வளவு நேரம் தாங்குகிறது, பார்ப்போம்."

உண்மையைச் சொன்னால், இதற்கு மேல் வேம்பையன் யோசித்து வைத்திருக்கவில்லை. திரும்பிப் பார்த்தான். அரண்மனை வீதியை மறிக்கத் தளவாய்க்கும் துணிவில்லை. அது ஒன்றுதான் திறந்திருந்தது. மருமகனை அந்தப் பக்கம் திருப்பினான்.

இருபுறமும் ஈட்டிக்காரர்கள் கூடவே நடந்தார்கள். கோல் ஒரு நொடி தடுமாறினாலும் ஈட்டிமுனைகள் சடையனின் காலை நோக்கித் தாழ்ந்தன. வேம்பையன் ஒவ்வொரு கதவாகத் தட்டினான். "பிள்ளைகளே, தமுக்கு கேட்குதில்லையா? கேட்கிற வரைக்கும் உங்களை யாரும் தொட முடியாது. என் மருமகனுக்குத் துணைக்கு வாங்க."

ஒரு கதவும் திறக்கவில்லை. கடைசியில் நெசவாளர் வீட்டுச் சிறுபெண் ஒருத்தி பந்தத்தோடு வாசலில் இறங்கினாள். ஈட்டிக்காரர்கள் அவள் காலைப் பார்த்தார்கள், தமுக்கைப் பார்த்தார்கள், பேசாமல் நின்றார்கள். அதைக் கண்டு அடுத்த வீடு திறந்தது. பிறகு தெருவே திறந்தது. தட்டார் தெருச் சந்து ஒன்றைக் கடக்கும்போது, சுவரில் போட்ட துளையிலிருந்து மூட்டையோடு வெளியே வந்த ஒருவன் இந்தக் கூட்டத்திடம் நேராக மாட்டிக்கொண்டான்.

அரண்மனை வாசலில் அரசன் உருவிய வாளோடு நின்றான். பந்த வெளிச்சத்தில் எங்கு பார்த்தாலும் அரும்பு மீசை. கனவில் ஒருவன் வந்தான், இப்போது நூறு பேர். "உங்களுக்கு என்ன வேண்டும்?" என்றான்.

அவர்கள் மகுடம் கேட்கவில்லை. பிடித்த திருடனை முன்னால் தள்ளினார்கள். அவன் தலை நரைத்திருந்தது.

"உன் வயதென்ன?" என்றான் அரசன்.

"அம்பதைத் தாண்டிருச்சு சாமி."

"இத்தனை நாள் எப்படி அகப்படாமல் இருந்தாய்?"

"முன்னயெல்லாம் இந்தப் பசங்க ராத்திரி முச்சூடும் தெருமுனையில உக்காந்து அரட்டை அடிப்பாங்க. சந்துக்குள்ள நுழையவே பயமாயிருக்கும். மகராசா சட்டம் போட்ட பிறகுதான் தொழில் நிம்மதியா நடந்துச்சு. நீங்க நல்லா இருக்கணும் சாமி."

தமுக்கு மட்டும் தட்டுத்தடுமாறிக் கேட்டது. எல்லார் கண்ணும் அரசனின் வாள்மேல் இருந்தது. அரசன் சிரித்தான். வாளைக் கீழே போட்டுவிட்டு, தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"என் ஆணை இக்கணமே செல்லாது. நாளை நான்கு வீதியிலும் அதைத் தமுக்கடித்துச் சொல்லப்போகிறவர் தளவாய்தான்" என்றான். பிறகு அவனே இறங்கிவந்து, சடையனின் விறைத்த விரல்களிலிருந்து கோலை விடுவித்தான். நகரம் அமைதியானது.

"வேம்பையா, வேண்டியதைக் கேள்" என்றான் அரசன், இன்னும் சிரித்துக்கொண்டே.

"அரசே, உங்கள் லாயத்திலேயே வேகமான குதிரையைக் கொடுங்கள். இப்போதே."

"இந்நேரத்தில் குதிரை எதற்கு?"

"தமுக்கு நின்றுவிட்டது, அரசே. வடக்குக் கோடியில் என் அக்காளுக்கும் அது நின்றது தெரிந்திருக்கும்."

அரசனின் சிரிப்பு நின்றது.

குதிரை மாமனையும் மருமகனையும் சுமந்துகொண்டு பறந்தது. அக்காள் வாசலிலேயே விழுந்து கிடந்தாள். அவளை யார் யாரோ கூப்பிட்டும் எழுந்திருக்கவில்லை. மகன் குரல் கேட்டதும் எழுந்தாள். அந்த இருட்டிலேயே அவன் இரண்டு கால்களையும் தடவிப் பார்த்தாள்.