பிள்ளைகள் கட்டிக் கொடுத்த பை

மலையடிவாரத்தில் ஒரு மடம். மடத்தை ஒட்டி ஒரு பள்ளிக்கூடம். இரண்டையும் பார்த்துக்கொண்டவரை ஊர் 'சிரிப்புச் சாமி' என்று கூப்பிட்டது. அவர் சிரித்து ஒருவரும் பார்த்ததில்லை. அவரிடம் பேசிவிட்டு வருகிறவர்கள்தான் சிரித்துக்கொண்டு வருவார்கள். சிலர் அழுதுகொண்டும் வருவார்கள். ஆனாலும் மறுநாள் திரும்ப வந்துவிடுவார்கள்.

அந்தப் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார் ஆவுடையப்பன். சாமியைவிட இரண்டு வயது மூத்தவர், ஆனாலும் சாமியின் சீடர். பெண்டாட்டி சுகந்தி காய்ச்சலில் போய்ச் சேர்ந்தபோது, மூன்று வயதுப் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு மடத்து வாசலில் வந்து நின்றவர். யார், எந்த ஊர் என்றெல்லாம் சாமி விசாரிக்கவில்லை. "பிள்ள சாப்பிட்டாளா?" என்றார். அந்த ஒரு கேள்விக்காகவே ஆவுடையப்பன் அங்கேயே தங்கிவிட்டார்.

பிள்ளைக்கு இப்போது ஒன்பது வயது. பெயர் உமையாள். அப்பாவுக்கும் மகளுக்கும் அப்படி ஓர் ஒட்டு. ரெட்டைச் சடை பின்னக் கற்றுக்கொள்வதற்குள் மனுஷன் பட்ட பாடு கொஞ்சமா நஞ்சமா! ஆரம்பத்தில் ஒரு சடை கிழக்கே பார்க்கும், இன்னொன்று மேற்கே பார்க்கும். இப்போது மற்ற அம்மாமார்களே நின்று பார்த்துவிட்டுப் போகிற அளவுக்குக் கை தேறிவிட்டது.

ராத்திரிக்கு ஒரு வழக்கம் இருந்தது. அம்மா போன புதிதில் விடிய விடிய அழுத பிள்ளை, ஒரு நாள் அப்பாவின் காது மடலைப் பிடித்துக்கொண்டு தூங்கிப்போனாள். அன்றிலிருந்து அப்படித்தான். அதுவும் இடது காதுதான் வேண்டும். வலது காதைக் கொடுத்தால் மகாராணி ஒத்துக்கொள்ள மாட்டாள்.

வருஷத்துக்கு ஒரு தடவை பிள்ளைகள் எல்லாரும் கடல் பார்க்கப் போவார்கள். ஒரு ராத்திரி அங்கேயே தங்கல். போன வருஷம் உமையாள் ஆசை ஆசையாகப் பேர் கொடுத்தாள். புதுச் செருப்புகூட வாங்கியாயிற்று. புறப்படுகிற அன்று காலையில், "நான் போகலப்பா" என்று சொல்லிவிட்டாள். ஏன் என்று கேட்டதற்குத் தலையைக் குனிந்துகொண்டாள். போய் வந்த பிள்ளைகள் சங்கும் சிப்பியுமாகக் கடை பரப்பியபோது, ஒரு சங்கை வாங்கிக் காதில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தாள். 

இந்த வருஷம் அவள் பேரே கொடுக்கவில்லை.

ஆவுடையப்பன் சாமியைத் தேடிப் போனார். சாமி முறத்தை மடியில் வைத்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

"சாமி, எம்மவளுக்குப் பயம்."

"எதுக்கு?"

"என்னைய விட்டுட்டு ஒரு ராத்திரி இருக்கதுக்கு. என் காதைப் பிடிக்காம அவளுக்குத் தூக்கம் வராதே."

"அவ சொன்னாளா?"

"இதை வேற அவ சொல்லணுமா? பெத்த அப்பன், எனக்குத் தெரியாதா?"

சாமி ஒரு கல்லை எடுத்து வெளியே வீசினார்.

"நீங்கதான் அவளைத் தயார் பண்ணணும் சாமி. இந்த வருஷமும் அவ சங்கைக் காதுல வச்சுக்கிட்டு உக்காந்திருந்தா என்னால தாங்க முடியாது."

"மத்த பிள்ளைங்க தயாரா? பெத்தவங்களைக் கூப்பிட்டுக் கூட்டம் போட்டீரே, என்னாச்சு?"

ஆவுடையப்பன் தலையைச் சொறிந்தார். அது கூட்டமா, சந்தைக்கடை! வேன் ஓட்டுகிற துரைப்பாண்டி, ஊர் ஊராகச் சுற்றுகிற மனுஷர், "கடல் எவ்வளவு ஆழம் சார் இருக்கும்?" என்று குரல் நடுங்கக் கேட்டார். தையல்கடை செல்லக்கனி, தன் மகன் தேங்காய்ச் சட்னி இல்லாமல் இட்லியைத் தொட மாட்டான், அதனால் தானும் கடைசி சீட்டில் சத்தம் காட்டாமல் உட்கார்ந்து வருகிறேன் என்று அடம் பிடித்தாள். மற்றவர்கள் கொசுவைப் பற்றிக் கேட்டார்கள், காற்றைப் பற்றிக் கேட்டார்கள், உப்புத் தண்ணீரில் குளித்தால் பிள்ளை கறுத்துப் போகுமா என்று கேட்டார்கள். ஆவுடையப்பன் எல்லாருக்கும் தைரியம் சொன்னார். தைரியம் சொல்வதற்கென்ன, அடுத்தவர் பிள்ளைக்குத்தானே!

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு சாமி சொன்னார்: "சரி. அப்போ முதல்ல பெத்தவங்க போயிட்டு வரட்டும்."

"எங்க சாமி?"

"மேல பாறை மண்டபத்துக்கு. சனிக்கிழமை சாயந்தரம் ஏறுங்க. அங்கயே படுத்து எந்திரிச்சு காலையில இறங்குங்க. பிள்ளைங்க இங்க என்கூட இருக்கட்டும்."

"கடலுக்குப் போறது பிள்ளைங்கல்லா?"

"உங்க பையைப் பிள்ளைங்க கட்டிக் குடுக்கட்டும். மேல போய்ச் சேர்ற வரைக்கும் ஒருத்தரும் திறக்கப்படாது."

ஆவுடையப்பன் ஏதோ கேட்க வாயெடுத்தார். சாமி அடுத்த கல்லைத் தேட ஆரம்பித்துவிட்டார்.

சனிக்கிழமை சாயந்தரம் பெற்றவர்கள் பட்டாளமாகப் புறப்பட்டார்கள். பிள்ளைகள் வரிசையாக நின்று பையைக் கையில் கொடுத்து, "பாத்துப் போங்க," "தண்ணியில விளையாடாதீங்க," "சண்டை போடாதீங்க" என்று புத்தி சொல்லி அனுப்பினார்கள். இத்தனை நாள் கேட்டதையெல்லாம் திருப்பிக் கொடுப்பதில் அவர்களுக்கு என்ன ஒரு சந்தோஷம்! உமையாள் மட்டும் சிரிக்கவில்லை. அப்பாவின் பையை இரண்டு தடவை தடவிப் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தாள்.

செல்போன்களை சாமி வாங்கி வைத்துக்கொண்டார். ஆவுடையப்பனிடம் மட்டும் ஒன்று இருந்தது. "கீழேயிருந்து கூப்பிட்டா எடுக்கணும். மேலேயிருந்து கூப்பிடப்படாது" என்பது உத்தரவு.

மண்டபத்தில் சாப்பிட்டு முடித்ததும் பைகளைத் திறந்தார்கள்.

துரைப்பாண்டியின் பையில் சட்டை இல்லை, துண்டு இல்லை. ஒரு தலையணையும் பாதி கடித்த கடலை மிட்டாயும் இருந்தன. எல்லாரும் கொல்லென்று சிரித்தார்கள். துரைப்பாண்டியும் சிரித்தார். பிறகு தலையணையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"வேன்ல படுத்தா கழுத்து வலிக்குன்னு என்னைக்கோ ஒரு நாள் சொன்னேன்யா. பயபுள்ள அதை மனசுல வச்சிருக்கான் பாரு" என்றார். மிச்ச மிட்டாயை யாருக்கும் கொடுக்காமல் தானே தின்றார்.

செல்லக்கனியின் பையில் சேலை, சீப்பு, அடியில் மூட்டுவலித் தைலம். அதைப் பார்த்ததும் அவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"இந்த வலியைப் பத்தி நான் வீட்டுல மூச்சு விட்டதில்ல சார். எல்லாரும் தூங்குன பெறகு தேய்ச்சுக்கிட்டு பீரோவுக்குப் பின்னால ஒளிச்சு வச்சிருவேன். இவனுக்கு எப்படித் தெரிஞ்சுது? சட்னிக்குச் சண்டை போடுற பயலுக்கு இதெல்லாம் தெரியுமா?" என்றவள், முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "எம்மவனே, நீ நல்லா இருக்கணும்" என்று கீழே மடம் இருந்த திசையைப் பார்த்துச் சொன்னாள்.

ஆவுடையப்பனின் பை ஒழுங்காக இருந்தது. லுங்கி, துண்டு, பிரஷர் மாத்திரை, கண்ணாடிக்கூடு. ஓரப் பையில் ஒரு பிளாஸ்டிக் துணிக் கிளிப். வெளிர் நீலம். அதன் வாய் இரண்டிலும் பஞ்சு வைத்து நூலால் சுற்றியிருந்தது.

"ஏன் சார், மலைக்குத் துணி காயப் போடவா வந்தீங்க?" என்றாள் செல்லக்கனி.

"பள்ளிக்கூடத்துக் கைவேலை போல. துணியோட துணியா வந்திருக்கும்" என்று அதைத் திரும்ப உள்ளே போட்டார்.

படுத்தார்கள். மலையேறின அலுப்பில் அத்தனை பேரும் அடித்துப் போட்ட மாதிரி தூங்கிவிட்டார்கள். துரைப்பாண்டி தலையணையில் தலை வைத்த சுகத்தில் வேனை முதல் கியரில் ஏற்றுவது போலக் குறட்டை விட்டார். ஆவுடையப்பன் மட்டும் இந்தப் பக்கம் புரண்டார், அந்தப் பக்கம் புரண்டார். பிள்ளை இப்போது முழித்துக் கிடப்பாளே, யார் காதைத் தேடுவாளோ என்று மனசு அடித்துக்கொண்டது. பொறுக்க முடியாமல், உத்தரவை மீறி போனைப் போட்டார்.

"சாமி, உமையா தூங்கிட்டாளா?"

"நீரு தூங்கலியா?"

"நான் எப்படி சாமி தூங்குவேன்? அங்க அவ..."

"தூங்கும்வே" என்று போனை வைத்துவிட்டார் சாமி.

திரும்பவும் படுத்தார். பாய் உறுத்தியது. துண்டை மடித்துத் தலைக்கு வைத்தார், எடுத்தார். உடம்பில் ஏதோ ஒன்று குறைகிற மாதிரியே இருந்தது. கை தானாகப் போய் இடது காதைத் தடவியது.

தடவின கை அப்படியே நின்றுவிட்டது.

எழுந்து உட்கார்ந்து பையைத் துழாவி அந்தக் கிளிப்பை எடுத்தார். பஞ்சைத் தொட்டுப் பார்த்தார். துணி காயப் போடுகிற கிளிப்புக்குப் பஞ்சு எதற்கு? துணிக்கு வலிக்குமா என்ன?

இடது காதில் மாட்டினார். இறுக்கவும் இல்லை, நழுவவும் இல்லை. உமையாளின் பிடி எப்படி இருக்குமோ அப்படியே இருந்தது. இந்தப் பதம் வருவதற்கு அவள் தன் காதிலேயே எத்தனை தடவை மாட்டிப் பார்த்திருப்பாள் என்று நினைத்தார். அழுகை பொங்கிக்கொண்டு வந்தது. அடுத்தவர் தூக்கம் கெடக்கூடாது என்று துண்டை வாயில் வைத்துக்கொண்டு அழுதார்.

"சுகந்தி, என்ன பிள்ளையப் பெத்துக் குடுத்துட்டுப் போயிருக்கடி! உனக்குக் கோயில் கட்டிக் கும்பிட்டாலும் தகும்" என்று மனசுக்குள் சொன்னார்.

சொல்லி முடித்துப் படுத்தவர் எப்போது தூங்கினார் என்று அவருக்கே தெரியாது.

காலையில் செல்லக்கனிதான் எழுப்பினாள். "சார், கம்மல் ஜோரா இருக்கு" என்றாள்.

ஆவுடையப்பன் வெட்கப்படவில்லை. "எம்மவ போட்டுவிட்டது" என்றார்.

மலை இறங்குகிறபோது யாரும் கொசுவைப் பற்றிப் பேசவில்லை. கடலின் ஆழத்தையும் யாரும் கேட்கவில்லை. சீக்கிரம் போய்ப் பிள்ளைகளைப் பார்க்க வேண்டும் என்ற அவசரம் மட்டும் இருந்தது. செல்லக்கனி, "போகட்டும் சார், தக்காளிச் சட்னியும் தின்னு பழகட்டும்" என்று தானாகவே சொன்னாள்.

உமையாள் மடத்து வாசலிலேயே நின்றாள். தலையில் ரெட்டைச் சடை. ஒன்று கிழக்கே பார்த்தது, ஒன்று மேற்கே பார்த்தது. பின்னிவிட்டவர் யார் என்று கேட்க வேண்டியதே இல்லை. சாமி ஒன்றும் அறியாதவர் போலத் தள்ளி நின்று செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

அவள் ஓடி வந்து அப்பாவின் தாடையைப் பிடித்துத் திருப்பி, இடது காதைப் பார்த்தாள்.

"தூங்குனீங்களாப்பா?"

"தூங்குனேன் தாயி."

"வலிச்சுதா?"

"இல்லம்மா."

அவள் பெருமூச்சு விட்டாள். வீட்டுக்குப் பெரிய மனுஷி விடுகிற மாதிரி ஒரு பெருமூச்சு.

"நீ யார் காதைப் பிடிச்சுக்கிட்டுத் தூங்குன?" என்று கேட்டார் ஆவுடையப்பன்.

"எனக்கு எதுக்குப்பா காது? படுத்த உடனே தூங்கிட்டேன்."

"வீட்டுல டெய்லி பிடிப்பியே?"

"சின்னப் பிள்ளையில எனக்கு வேணும். இப்ப நீங்கதான கண்ணை முழிச்சுக்கிட்டே கிடப்பீங்க. காதைப் பிடிச்சாத்தான் தூங்குவீங்க. நீங்க தூங்குன பெறகுதான் நான் கையை எடுப்பேன்."

ஆவுடையப்பன் குனிந்து அவள் முகத்தைப் பார்த்தார். "அப்போ போன வருஷம் நீ கடலுக்குப் போகாதது..."

"அப்ப இந்தக் கிளிப் யோசனை வரலப்பா" என்றாள் உமையாள். பிறகு காலால் மண்ணைக் கீறிக்கொண்டே கேட்டாள்: "வெள்ளிக்கிழமை கடலுக்குப் போறதுக்கு நான் பேர் குடுக்கட்டுமா?"

"குடு தாயி. போ, இப்பவே போய்க் குடு."

அவள் சடை இரண்டும் இரண்டு திசையில் ஆட, பள்ளிக்கூடத்தைப் பார்த்து ஓடினாள். மண்ணில் விழுந்து எழுந்து மறுபடியும் ஓடினாள்.

ஆவுடையப்பன் சாமியிடம் வந்தார். கும்பிட்டார். 

"அவளைத் தயார் பண்ணச் சொன்னேன். நீங்க என்ன சாமி பண்ணுனீங்க?"

"சடை பின்னுனேன். அதுவும் சரியா வரல."

"நீங்க பண்ணுனதுக்கு நான் என்னத்தக் குடுப்பேன்? என்கிட்ட இருக்கறதுல பெருசு இதான்" என்று ஆவுடையப்பன் அந்தக் கிளிப்பை இரண்டு கையாலும் நீட்டினார்.

சாமி வாங்கிப் பார்த்தார். பஞ்சை விரலால் அழுத்திப் பார்த்தார். அப்போது அவர் சிரித்த மாதிரி இருந்தது என்று ஆவுடையப்பன் பின்னால் சொல்வார். ஆனால் அடித்துச் சொல்ல மாட்டார்.

கிளிப்பை ஆவுடையப்பனின் சட்டைப் பையில் போட்டுவிட்டு சாமி சொன்னார்:

"இதை எனக்குக் குடுத்துட்டா எப்படிவே? வெள்ளிக்கிழமை ராத்திரி அந்தப் பிள்ள கடற்கரையில நிம்மதியாத் தூங்க வேண்டாமா?"