தவளை திரும்பாத கிணறு

டேய் மாப்பிள்ளைகளா, போனை ஓரமா வைங்க. பக்கத்துப் பேப்பரைப் பாத்தே பாஸானவங்க நீங்க. இந்தக் கணக்குக்குப் பக்கத்துப் பேப்பர் கிடையாது.

சாயப்பட்டறை மாஸ்டர் மாசிலாமணிக்கு ஒரு கிணறு. பட்டறைக் கழிவு இறங்கி, இருபது வருசமா தண்ணி ஒரு நாள் கத்திரிப்பூ நிறம், ஒரு நாள் ரத்தச் சிவப்பு. தவளைகூட அங்க கத்துனதில்ல. "சாயம் போனா மொதச் சொம்புத் தண்ணி என் மக குடிப்பா"ன்னு மாரியம்மனுக்கு வேண்டியிருந்தாரு.

ஆராய்ச்சி பண்ற திலகவதி வந்து கிணத்துல ரெண்டு நொதி ஊத்துனாங்க.

"மொத நொதி சாயத்தை வெட்டும் மாஸ்டர். வெட்டுன துண்டை ரெண்டாவது தின்னு முடிக்கணும். அதுக்குக் காத்து வேணும். இந்தக் காத்து மோட்டார் இருபது நாள் நிக்கவே கூடாது. நான் வந்து சோதிக்காம தண்ணியத் தொடாதீங்க."

ஒன்பதாம் நாள் மத்தியானம் மாசிலாமணி எட்டிப் பாத்தாரு. தண்ணி கண்ணாடி. என்னைக்கோ விழுந்த குடம், மக சின்னதுல தொலைச்ச கொலுசு, எல்லாம் அடியில அப்படியே. ஒரு புழு இல்ல, கொசு இல்ல. சத்தமே இல்ல. அவரு மொகம் மட்டும் கீழ இருந்து அவரையே பாத்துச்சு.

மாஸ்டருக்குத் தெரிஞ்ச சோதனை ஒண்ணுதான். ஒரு கட்டு வெள்ளை நூலைத் தண்ணியில முக்கிக் காய வெச்சாரு. பொட்டுக் கறை ஒட்டல.

"சுத்தம்டா!"

மக பூங்கோதை ஏழு மாசம், வளைகாப்பு முடிஞ்சு வந்திருந்தா. ஊரே சுத்தி நிக்குது. வழக்கப்படி மொதல்ல மாட்டுக்குக் காட்டுனாங்க. மோந்துச்சு. அப்படியே பின்னால நகந்து, கிணத்தையே வெறிச்சுக்கிட்டு நின்னுருச்சு.

"அது கிடக்குது. நீ குடி கண்ணு."

பூங்கோதை சொம்பை மண்ணுல கவுத்துட்டா. "சுத்தம்னா தவளை எங்கப்பா?"

"சாமி குத்தம்டி!"ன்னு கத்துனாரு மாசிலாமணி.

இப்பச் சொல்லுங்கடா. எச்சரிச்சுட்டு ஊருக்குப் போன திலகவதி, நூலை நம்பி வாக்கைக் காப்பாத்தப் பாத்த மாசிலாமணி, அந்த வாக்கையே கொட்டுன பூங்கோதை. இதுல யார் செஞ்சது சரி?

விடை: பூங்கோதை. நூலு சாயத்தைத்தான் காட்டும். இருபது வருசமா அந்த நிறந்தான் "கிட்ட வராத"ன்னு கத்திக்கிட்டு இருந்துச்சு, அது வாயை மூடிருச்சு. வெட்டுபட்ட துண்டெல்லாம் நிறமில்லாத விஷமா உள்ளயே கிடந்துச்சுன்னு அப்புறம் திலகவதி சோதிச்சுச் சொன்னாங்க. ஏன்னா மோட்டார் நின்னுருச்சு. "சத்தமே இல்ல"ன்னு சொன்னேனே, ஏன்னு ஒருத்தனாவது கேட்டீங்களா? நாந்தான் நிறுத்துனேன். அது போட்ட சத்தத்துல மேட்ச் கமெண்ட்ரி கேக்கல.