இரண்டாவது காத்தவன்

முன்னொரு காலத்தில் ஒரு நாட்டில், எந்த நாடென்று கேட்காதீர்கள், பெரிய போர் ஒன்று முடிந்திருந்தது. களத்தில் விழுந்தவர் பெயர்களை ஏட்டில் எழுதி, ஆளுக்கொரு நடுகல் நடச் சொன்னான் அரசன் வீரமாறன். எழுத்தர்கள் ஒருவனையே இரண்டு முறை எழுதிவிட்டார்கள். அவனுக்கு இரண்டு கல் முளைத்தது. பக்கத்து நாட்டார் கைகொட்டிச் சிரித்தார்கள். அரசனுக்கு வந்ததே கோபம்! இனி அரண்மனை ஏடு எதிலும் ஒரு பெயர் இரண்டு முறை வரக்கூடாது, வந்தால் பின்னதை அடித்துவிட வேண்டும் என்று ஆணையிட்டான்.

விகடகவி கூத்தையன்மேல் தலைமை எழுத்தர் ஏகாம்பரத்துக்கு நெடுநாள் பொறாமை. ஏடுகளைச் சரிபார்க்கும் வேலையை அவன் தலையில் கட்டினார். ஒரு பெயர் தப்பினாலும் நாடு கடத்தல்தான் என்று அரசனிடம் சொல் வாங்கிவிட்டார்.

கூத்தையன் ஏட்டைப் பிரித்தபோது ஈச்சங்காட்டுப் பொன்னாத்தாள் வந்து நின்றாள். போரில் விழுந்த அவள் கணவன் பெயர் காத்தவன். மேலாறு என்ற ஊர்க்காரன் ஒரு காத்தவனும் களத்தில் விழுந்திருந்தான். ஏட்டில் அவன் பெயர் முன்னால் இருந்தது; ஆணைப்படி இவள் கணவன் பெயரைத்தான் அடிக்க வேண்டும்.

"அவுக செத்ததுக்கு அழுதாச்சுங்க. இப்ப அப்படி ஒரு ஆளே இல்லன்னா, அதுக்கு எப்படி அழுவேன்?" என்றாள்.

கூத்தையன் அவளை இருக்கச் சொல்லிவிட்டு வேறோர் ஏட்டைக் கையில் எடுத்தான்.

மறுநாள் அவை கூடியதும் வழக்கம்போல அரச பரம்பரையைப் படித்தார்கள். அரசனின் தந்தையோடு ஏடு நின்றுவிட்டது. தன் பெயர் எங்கே என்று அரசன் கேட்டான்.

கூத்தையன் வணங்கினான். "வேந்தே, பேரனுக்குப் பாட்டன் பெயரிடுவது நம் வழக்கம். தங்கள் பாட்டனாரும் வீரமாறர். ஆணைப்படி பின்னதை அடித்துவிட்டேன்."

ஏகாம்பரம் துள்ளி எழுந்தார். "துரோகம்! அவர் நெடுஞ்சேரர் மைந்தர், இவர் இளஞ்சேரர் மைந்தர். இருவரும் எப்படி ஒருவராவர்?"

"அதைத் தாங்களே சொன்னது நல்லதாயிற்று, ஐயா. ஒரு காத்தவன் மேலாற்றுச் சடையன் மகன், மற்றவன் ஈச்சங்காட்டு முத்தன் மகன். பெயரும் தகப்பனும் ஊரும் மூன்றும் ஒத்தால் அது ஒரே ஆள், அடிக்கலாம். பெயர் மட்டும் ஒத்ததற்காக அடித்தால், அரசே, செத்தவனை நாமே மறுபடி கொல்கிறோம்."

ஏகாம்பரம் உட்கார்ந்துவிட்டார். அரசன் சிரித்தான். ஆளும்போதே என்னை இல்லாதவனாக்கிய ஆள் நீதான் என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தான். ஆணையைத் திருத்தி, தன் கைக் கடகத்தைக் கழற்றிக் கூத்தையனுக்கு அணிவித்தான். வேறென்ன வேண்டும் என்றும் கேட்டான்.

கூத்தையன் எழுத்தாணியை நீட்டினான். அரசன் சிரிப்பை நிறுத்தி அதை வாங்கினான். வாசலில் நின்ற பொன்னாத்தாளை உள்ளே அழைத்து, அவள் சொல்லச் சொல்ல, ஈச்சங்காட்டு முத்தன் மகன் காத்தவன் என்று தன் கையாலேயே எழுதினான்.