நூற்று அறுபத்து மூன்று பேர்

"மேடம், 'பரவாயில்லை'யை ஒன்றில் சேர்க்கவா, பூஜ்யத்தில் சேர்க்கவா?"

கேட்டவர் தணிகாசலம். வருவாய்த் துறையில் முப்பது வருடம் இருந்து ஓய்வு பெற்றவர். அறுபது வயதில் ஆய்வு மாணவர். அவருடைய நெறியாளர் நிலோபர் அவரைவிட இருபது வயது இளையவர்.

கருவேலங்குளத்தில் நானூறு வீடு. குடிநீர் எப்படி என்று தணிகாசலம் தன் ஆய்வுக்காக ஒவ்வொரு வீட்டிலும் கேட்டிருந்தார். மிக நன்று, நன்று, பரவாயில்லை, மோசம், மிக மோசம். ஐந்தில் ஒன்றைச் சொல்ல வேண்டும்.

இப்போது ஐந்தை இரண்டாக்க வேண்டும். நல்ல தண்ணீர் என்றால் ஒன்று. இல்லையென்றால் பூஜ்யம்.

"எத்தனை பேர் அப்படிச் சொன்னாங்க?"

"நூற்று அறுபத்து மூன்று."

"ஒன்றில் சேர்த்தா?"

"இருநூற்று எண்பத்தோரு வீட்ல தண்ணி நல்லாயிருக்கு."

"பூஜ்யத்தில்?"

"இருநூற்று எண்பத்திரண்டு வீட்ல மோசம்."

அறிக்கை கலெக்டர் அலுவலகம் போகும். ஆற்றுத் தண்ணீர்க் குழாய் அந்த ஊருக்கு வருமா, வராதா என்பது அதைப் பொறுத்தது.

"உங்களுக்கு என்ன தோணுது, சார்?"

"அந்த ஊர்க்காரங்க மேல எனக்கு நம்பிக்கையே இல்லை, மேடம். எதையோ மறைக்கிறாங்க. கேள்வி கேட்டா தரையைப் பார்க்கிறாங்க. அந்த நூற்று அறுபத்து மூன்று பேரையும் கணக்குல இருந்து தூக்கிடலாமா?"

நிலோபர் ஒரு வெற்றுத்தாளை எடுத்தார். அதே ஐந்து பதில்களை வரிசையாக எழுதி அவர் பக்கம் தள்ளினார்.

"என் வழிகாட்டுதல் எப்படி? ஒன்றை டிக் பண்ணுங்க."

தணிகாசலம் தாளைப் பார்த்தார். அவருடைய ஆய்வின் அத்தியாயங்களை நான்கு முறை திருப்பி அனுப்பியவர் நிலோபர். வேண்டுமென்றே இழுத்தடிக்கிறாரோ என்று அவருக்கு ஒரு வருடமாகவே சந்தேகம். ஆனால் கையெழுத்துப் போட வேண்டியவரும் இவர்தான்.

நிலோபர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தணிகாசலம் நடுவில் இருந்த 'பரவாயில்லை'யை டிக் செய்தார்.

நிலோபர் தாளை எடுத்துப் பார்த்தார். "இதை எதில் சேர்க்கட்டும்?"

தணிகாசலத்துக்கு முகம் சுருங்கிவிட்டது. "நீங்க எதிரிலேயே உட்கார்ந்திருக்கீங்களே, மேடம்."

"அங்கே எதிரில் யார் இருந்தது?"

தணிகாசலம் பேனாவை மூடி வைத்தார்.

"பஞ்சாயத்துத் தலைவரோட தம்பி. வீடு வீடா அவர்தான் கூட்டிட்டுப் போனார்."

"அவருக்கு ஏன் அந்த அக்கறை?"

"தண்ணி டேங்க் கட்டினது அவர் காண்ட்ராக்ட்."

நிலோபர் அறிக்கையை மூடித் திருப்பிக் கொடுத்தார்.

மறுநாள் காலை தணிகாசலம் பஸ் ஏறிக் கருவேலங்குளம் போனார். முதல் வீட்டில் பேச்சியம்மாள் கதவைப் பாதி திறந்தாள். அவரை அடையாளம் கண்டுகொண்டாள். அவர் தோளுக்குப் பின்னால் பார்த்தாள்.

"அவுரு எங்க?"

"வரலைம்மா."

"பின்னாடி வர்றாரா?"

"இல்லை. நான் மட்டும் பஸ்ல வந்தேன்."

"யாரு அனுப்புனா?"

"எங்க டீச்சர்."

நரைத்த தலையோடு நின்ற அந்த மனிதரை அவள் மேலும் கீழும் பார்த்தாள். பிறகு வெளியே வந்து தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தாள். அவரை உள்ளே விட்டுக் கதவைச் சாத்தினாள்.

"எத்தனை பேப்பர் கொண்டாந்திருக்கீங்க? எழுத நெறைய இருக்கு" என்றாள்.