சத்தமில்லாத சர்வர்

இதை நான் நேரில் பார்க்கவில்லை. என்னோடு வேலைக்குச் சேர்ந்த ஒருவர் சொன்னார். அவருக்கும் வேறு யாரோ சொன்னதுதான். கூட்டாமல் குறைக்காமல் எழுத முயல்கிறேன்.

நெல்லைப் பக்கம் ஒரு மருத்துவமனை. சிறுநீரகம் பழுதானவர்கள் டயாலிசிஸுக்குப் போனிலேயே முறை பதியலாம். அந்தப் பதிவுகளை வாங்கிய சர்வர், ஜாவா மொழியில் எழுதியது, ஒரு லினக்ஸ் கணினியில் ஓடியது. அதைப் பார்த்துக்கொண்டவர் ஜெபமலர். அவரிடம் வேலை பழகியவர் சுடலைமுத்து, ஜெனரேட்டர் அறையிலிருந்து மாற்றலாகி வந்தவர், அவரைவிட வெகுவாக மூத்தவர். மாணவன் ரிட்டயர் ஆனால்தான் டீச்சருக்குக் கல்யாணம் என்று கேன்டீனில் கேலி பேசுவார்கள். சுடலைமுத்துவும் சேர்ந்து சிரிப்பார்.

சர்வர் தனக்கு நடப்பதையெல்லாம் லாக் கோப்பில் எழுதிக்கொண்டே இருக்கும். லாக் பெருகி, டிஸ்க் நிறைந்து, சர்வர் அடிக்கடி படுத்துவிடும். ஜெபமலர் தங்கை கல்யாணத்துக்கு ஊருக்குப் போயிருந்த சமயம், சுடலைமுத்து புது டிஸ்கில் ஒரு ஃபோல்டர் உண்டாக்கினார். லாக் போகிற பாதையை அங்கே மாற்றினார். சர்வரை நிறுத்தித் திரும்பக் கிளப்பினார். ஓடியது.

அதற்குப் பிறகு ஒரு பிழையும் கண்ணில் படவில்லை. ஜெனரேட்டரில் கடகடச் சத்தம் அடங்கினால் பழுது தீர்ந்தது என்று பழகியவர். நிம்மதியாக இருந்தார்.

ஜெபமலர் ஊரிலிருந்து திரும்பிய அன்றே செண்பகம் என்ற பெண்ணும் வந்தாள். அப்பாவுக்குப் போனில் முறை பதிந்தது அவள்தான். போய்ப் பார்த்தால் பட்டியலில் அவர் பெயர் இல்லை. திருப்பி அனுப்பிவிட்டார்கள். அடுத்த முறை கிடைப்பதற்குள் அவர் இறந்துபோனார். அவள் சண்டைக்கு வரவில்லை. நீதான் எதையோ தப்பாக அழுத்திவிட்டாய் என்று அம்மா சொல்லிக்கொண்டே இருக்கிறாளாம்.

"நான் அனுப்பினது வந்துச்சா வரலையா, அதை மட்டும் சொல்லுங்க சார்."

அவளை வெளியே உட்காரவைத்துவிட்டு சுடலைமுத்து ஃபோல்டரைத் திறந்தார். காலி. பாதையை மாற்றிய நாளிலிருந்து ஒரு வரிகூட இல்லை; அவள் பதிந்ததும் அதற்குப் பிறகுதான்.

ஜெபமலரிடம் எல்லாவற்றையும் சொன்னார். பாதையில் ஒரு எழுத்துகூடப் பிசகவில்லை, பிறகு எப்படிக் காலியாக இருக்கும் என்று கேட்டார். ஜெபமலர் திட்டவில்லை. சர்வர் எந்தப் பயனர் பெயரில் ஓடுகிறதோ அந்தப் பெயரில் கணினிக்குள் நுழைந்து, அதே ஃபோல்டரில் ஒரு வரி எழுதிப் பார்க்கச் சொன்னார்.

எழுதினார். அனுமதி இல்லை என்று வந்தது.

ரூட் என்ற, எல்லா அதிகாரமும் உள்ள பெயரில் நுழைந்து அவர் உண்டாக்கிய ஃபோல்டர் அது. ரூட்டைத் தவிர யாரும் அதில் எழுத முடியாது. சர்வர் ஓடியது ரூட் பெயரில் அல்ல.

ஃபோல்டரின் உரிமையை சர்வரின் பெயருக்கு மாற்றினார். சர்வரைத் திரும்பக் கிளப்பினார். கொஞ்ச நேரத்தில் வரிகள் வரத் தொடங்கின. நடுநடுவே ஒரே பிழை: வந்த பதிவைச் சேமிக்க முடியவில்லை.

"இப்பத்தான் கெட்டுச்சா, மேடம்?"

"இப்பத்தான் நமக்குத் தெரியுது, அண்ணாச்சி."

"அப்போ அந்தப் பிள்ளை அனுப்பினதும் இப்படித்தான் போயிருக்கும்."

"இருக்கலாம்."

"எங்கயாவது தேடினா..."

"எழுதாததை எங்க தேட?"

சுடலைமுத்து வரிகளை ஒவ்வொன்றாகப் படித்தார். எல்லாப் பதிவும் தவறிப்போகவில்லை, சில சேர்ந்துமிருந்தன. அவள் அனுப்பியது எந்த வகை என்று இனி யாராலும் சொல்ல முடியாது.

"வந்துச்சு, எங்க தப்புதான்னு சொல்லிரட்டுமா? பிள்ளை நிம்மதியாப் போகும்."

"வந்துச்சுன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"நாளைக்கு அவங்க அம்மா வந்து, காட்டுங்கன்னு கேட்டா?"

"அப்புறம் நான் என்னதான் சொல்ல, மேடம்?"

ஜெபமலர் அவர் பக்கம் நாற்காலியைத் திருப்பினார்.

"நீ பேசினியா பேசலையான்னு எங்களுக்குத் தெரியாதும்மா, நாங்க காதைப் பொத்திக்கிட்டு இருந்தோம்னு சொல்லுங்க."

சுடலைமுத்து எழுந்து வெளியே போனார். செண்பகம் எழுந்து நின்றாள். அவர் வாயைத் திறந்தார். வார்த்தை வரவில்லை.

பிற்பாடு நான் ஜாவாவின் ஆவணத்தைத் தேடிப் படித்தேன். லாக் எழுத முடியாமல் போனால், அதன் வழக்கமான ஏற்பாட்டில், முதல் தடவை மட்டும், லாக்குக்கு வெளியே வேறிடத்தில், அது முறையிடும். அதற்குப் பிறகு எத்தனை முறை தோற்றாலும் ஒன்றும் சொல்லாது.